இறைச்சிக்கு ஒரு மரைப் பெட்டை

என் கணவருக்கு வேட்டைப் பைத்தியம் பிடித்தது நான் வைத்த ஒரு கறியால். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

அப்போது நாங்கள் டுசல்டோர்ஃபில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. அவருக்கு நகருக்கு வெளியே ஓர் இரும்புத் தொழிற்சாலையில். அவருக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஜேர்மன்காரர் ஓய்வு நாட்களில் வேட்டைக்குப் போகிறவர். ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அந்த மனிதர் உறைந்த இறைச்சித் துண்டொன்றைப் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். இங்கத்தைய மலைக்காடுகளில் எங்கள் மரையைப் போல ஒரு பெரிய மான் திரிகிறது. அதனுடைய தொடை. வைனில் ஊறவைத்துச் சமைக்க எனக்குத் தெரியாது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, பிரட்டல் கறியாக இறக்கினேன். என் கணவர் ஒரு வாய் வைத்தார். பிறகு கையைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது மரை,” என்றார்.

“மரையில்லை. இஞ்சத்தை மான்.”

“இல்லையப்பா. வவுனியாவில இருக்கேக்க நான் சாப்பிட்டனான். இது மரைதான்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த மிருகத்துக்கு மரை என்றே பெயர்.

அடுத்த சனிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டின் உறைபெட்டியை அவர் தலைகீழாகக் கிண்டினார். மான் இறைச்சி இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் நியூசிலாந்து என்று எழுதியிருந்தது. விலையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் அதைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்தோம்.

“கப்பலில வந்த மரையை நான் ஏன் சாப்பிட வேணும்? பக்கத்துக் காட்டில நிக்குது.”

“நிக்கட்டும். நீங்கள் கோழியைச் சாப்பிடுங்கோ.”

கோழி அவருக்குப் போதவில்லை. மறு கிழமை வேட்டைப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றார். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனுசன், கைக்காசு கட்டித் துவக்குச் சுடப் படிக்கப் போகிறார். நான் தலையில் கை வைத்தேன். விண்ணப்பப் படிவத்தில் ஆயுத அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. “என்ன எழுதிறது?” என்று கேட்டார். “எனக்கில்லை, எங்களைச் சுட்டவைக்கு இருந்தது எண்டு எழுதுங்கோ,” என்றேன். அவர் ‘இல்லை’ என்று மட்டும் எழுதினார்.

ஜேர்மனியில் வேட்டைப் பரீட்சை என்றால் சும்மா சுட்டுக் காட்டிவிட்டு வருகிற விஷயமில்லை. மரங்கள், பறவைகள், நோய்கள், சட்டங்கள், நாய்கள். அவருடைய ஜேர்மன் மொழி தொழிற்சாலை ஜேர்மன். நான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புப் படித்து, எழுத்துப் பரீட்சையெல்லாம் எழுதி வேலைக்குப் போனவள் என்பதால் பாடம் சொல்லிக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கிக் கிடத்திவிட்டு வந்து கால் நீட்டினால், “இஞ்சாரும், இந்த நாய் பொந்துக்குள்ள போற நாயோ, தண்ணிக்குள்ள போற நாயோ?” என்று படத்தோடு வந்து நிற்பார். முதல் தடவை அந்த நாய்களால்தான் தோற்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் இரண்டாம் தடவையும் எழுதிப் பாஸாகிவிட்டார்.

பிறகு ஒரு பழைய துவக்கு வந்தது. துவக்கைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி ஒன்று வந்து, படுக்கையறையில் என் பக்கத்தை அடைத்துக்கொண்டது. நிலவறையில் பெரிய உறைபெட்டியொன்றையும் வாங்கி வைத்தார். எல்லாம் வந்தன. மரை மட்டும் வரவில்லை.

அனுமதிப்பத்திரம் கிடைத்தால் காட்டுக்குள் போய்ச் சுடலாம் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே ஒவ்வொரு துண்டுக் காட்டுக்கும் ஒரு குத்தகைக்காரர் இருக்கிறார். அவர் கூப்பிட வேண்டும், அல்லது காசு வாங்கிக்கொண்டு விட வேண்டும். தொழிற்சாலை நண்பரோ தன் மச்சானின் காட்டில் தானே விருந்தாளி என்று கையை விரித்துவிட்டார்.

“நீர் ஒருக்காக் கதைச்சுப் பாரும். உம்மட ஜேர்மன் நல்லதெல்லே,” என்றார் இவர்.

நான் கதைத்தேன். வேட்டைச் சஞ்சிகையின் பின்பக்க விளம்பரங்களில் இருந்த இலக்கங்களுக்கெல்லாம், வேலையில் கிடைக்கிற சின்ன இடைவேளைகளில், முதியோர் இல்லத்தின் பின்படியில் நின்றுகொண்டு கதைத்தேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

“எந்தத் தரத்துக் கொம்பு வேண்டும்?”

“கொம்பு வேண்டாம்.”

“கொம்பு வேண்டாமா?”

“கொம்பில்லாத பெண் மான் போதும். சாப்பிடுவதற்கு.”

ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “அம்மா, சாப்பிடுவதற்கென்றால் இறைச்சிக் கடைக்குப் போகலாமே.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. கொம்பு மரைக்கு அவர்கள் கேட்ட விலையில் ஊருக்குப் போய் வர விமானச் சீட்டு எடுக்கலாம். பெண் மரைக்கு விலையே சொல்ல மறுத்தார்கள். அதையும் ஒரு வேட்டையென்று கேட்டு வருகிறாளே என்பதுபோல் இருந்தது அவர்களுடைய குரல்.

ஒரு கமக்காரர் மட்டும் சம்மதித்தார். தன் காட்டில் பெண் மரைகள் பயிரைத் தின்று நாசமாக்குகின்றன, தாராளமாக வரலாம் என்று ஒரு நாள் குறித்து டெர்மினும் தந்தார். அதை உறுதிப்படுத்த இவர் ஒருமுறை தொலைபேசி எடுத்துக் கதைத்தார். இவருடைய உச்சரிப்பைக் கேட்டதும், அந்த நாளை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றாராம் அந்த மனிதர். நான் கொஞ்சம் பொறுத்து, வேறு பெயர் சொல்லி எடுத்தேன். அந்த நாள் அப்படியே காலியாக இருந்தது. நான் ஜேர்மனில் எனக்குத் தெரிந்த நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வைத்தேன். இவருக்கு விஷயத்தைச் சொன்னபோது, “சரி விடும், அந்தாளின்ர மரையும் அப்பிடித்தான் இருக்கும்,” என்றார். மரை என்ன பாவம் செய்தது என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் ஐஃபல் மலைப்பக்கத்தில் ஒரு குத்தகைக்காரர் கிடைத்தார். கன்று போடாத இளம் பெட்டை ஒன்று, விலையும் தாங்கக்கூடியது. நாங்கள் அதிகாலையிலேயே வெளிக்கிட்டுப் போனோம். மொழிக்கு உதவியாக நானும் போக வேண்டுமாம். இவர் அந்த மனிதரோடு மரப்பரண் ஏறப் போனார். நான் காரில் தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குளிரில் இருந்தேன். விடிந்து வெகுநேரம் கழித்து ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் இவர், சுட்டவருக்கு மரியாதையாகக் கொடுக்கிற சின்ன மரக்கொப்பைத் தொப்பியில் செருகி, முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். கையில் ஒரு பை.

“என்ன இது?”

“ஈரலும் இதயமும்.”

“மிச்சம்?”

இவர் குத்தகைக்காரரைப் பார்த்தார். குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். சுட்டவருக்கு உள்ளுறுப்புகள், இறைச்சி காட்டுக்காரருக்கு. இதுதானே வழக்கம், பரீட்சைக்குப் படித்திருப்பாரே என்றார். இவர் படித்திருந்தார். நான்தான் படிப்பித்தேன். காசு கொடுத்துச் சுடுகிறவருக்கும் அதே சட்டம்தான் என்று இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

“சரி, அந்த இறைச்சியை நாங்களே வாங்கலாம்தானே?” என்று கேட்டேன்.

“உணவகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. மன்னிக்கவும்.”

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு டுசல்டோர்ஃப் வரைக்கும் வந்தேன். வழி முழுக்க நான் கத்தினேன். துவக்கு, துவக்குக்குப் பெட்டி, உறைபெட்டி, நாய்ப் படங்கள், இரண்டு பரீட்சை, இவ்வளவுக்கும் ஒரு ஈரல். இவர் காரை ஓட்டிக்கொண்டு, “நல்ல ஈரல் அப்பா,” என்று ஒரேயொரு தரம் சொன்னார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் நான் நேரே அரசாங்க வன அலுவலகத்துக்கு எடுத்தேன். கெஞ்சுகிற குரலையெல்லாம் விட்டுவிட்டேன். “என் கணவருக்கு ஒரு பெண் மான் வேண்டும். கொம்பு வேண்டாம், படம் வேண்டாம், தொப்பியில் கொப்பு வேண்டாம். இறைச்சி முழுதும் எங்களுக்கு வேண்டும். இருக்கிறதா, இல்லையா?”

மறுபக்கத்தில் தொலைபேசியை எடுத்தது ஒரு பெண். அந்தக் காட்டுக்குப் பொறுப்பான வன அதிகாரி. அவர் சிரித்துவிட்டார்.

“பெண் மான்தானே? எங்களிடம் அதுதான் கூடிப்போய்க் கிடக்கிறது. எல்லாருக்கும் கொம்புதான் வேண்டும். நாங்கள் நட்ட மரக்கன்றுகளையெல்லாம் இவை தின்றுவிட்டு நிற்கின்றன.” அந்த மாதம் பெரிய கலைப்பு வேட்டை ஒன்று இருக்கிறது, துவக்குக்காரர் ஆளாளுக்குப் பரணில் இருப்பார்கள், வேறு ஆட்கள் வரிசையாக நடந்து சத்தம் போட்டு மிருகங்களைக் கிளப்புவார்கள் என்று விளக்கினார். “கலைக்க ஆள் குறைவு. நடக்க ஒருவரைக் கூட்டி வந்தால் உங்கள் கணவரின் இடத்துக்குக் காசு வேண்டாம். விழுவதைத் தோலோடு கிலோக் கணக்கில் எங்களிடம் வாங்கலாம்.”

நாளைக் கேட்டேன். கந்தசஷ்டிக்குள் வந்தது.

நான் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறவள். பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். ஊரில் இருந்தபோதும் விட்டதில்லை, இங்கே வந்தும் விட்டதில்லை. இவர் தெரிந்த ஆட்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குச் சனிக்கிழமை வேலை, ஒருவருக்கு நாரி நோவு, ஒருவர் கேட்டவுடனேயே சிரித்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

“என்னைப் பாக்காதேங்கோ. நான் விரதம்.”

“நீர் சாப்பிடத் தேவையில்லை. நடந்தால் காணும்.”

“விரதகாரி கொலைக்கு மிருகத்தைக் கலைச்சுக் குடுக்கிறதோ? முருகன் என்ன நினைப்பார்?”

அவர் யோசித்தார். “முருகன்ர மனிசி வேடர் வீட்டுப் பிள்ளைதானே,” என்றார்.

போனேன்.

செம்மஞ்சள் அங்கியொன்றைத் தந்து, கையில் ஒரு தடியும் தந்து, ஊது கொம்புச் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். எனக்கு இடப்பக்கம் தபால்காரர் ஒருவர், வலப்பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அவர்கள் “ஹொப், ஹொப்” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். முள்ளுப்பற்றை இடுப்பளவு. நேற்றைய மழையில் நிலம் சதக் சதக் என்றது. வெறும் வயிறு. கன்னத்தில் ஒரு முள் இழுத்தது. தடி ஒரு பக்கம் போக நான் ஒரு பக்கம் விழுந்தேன். எழும்பும்போது எனக்குள் இருந்த எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“அட கோதாரியில போவானே! கோழி காணாதோ உனக்கு? மரை கேக்குதோ? நான் என்ன பாவம் செய்தனான்! எழும்பி ஓடுங்கோடி மரையளே, உங்களுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை, அந்த மனுசனுக்கும் வேலையில்லை!”

கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்குக் காடு முழுக்கப் பேசினேன். தொண்டை கட்டும்வரை பேசினேன். தபால்காரர் நின்று பார்த்தார். ஆசிரியை, “அற்புதம்! உங்கள் நாட்டில் இப்படித்தான் அழைப்பீர்களா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

எங்களுக்கு முன்னால் பைன் மரங்களுக்குள் ஏதோ முறிந்தது. ஒரு பெரிய மண்ணிற உடம்பு எழும்பியது. அதன் பின்னால் சின்னது ஒன்று. தாயும் கன்றும். தாய் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பிறகு இரண்டும் பள்ளம் தாண்டி, இவர் இருந்த பரண் பக்கமாகப் போயின. ஒரு வெடி கேட்டது. அடுத்ததற்குக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

வேட்டை முடிந்து எல்லாரும் கூடிய இடத்தில், பைன் கொப்புகளின் மேல் விழுந்தவற்றை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். இவருடையது கன்று. வன அதிகாரி இவரிடம் வந்தார். கோபம் இல்லை, ஆனால் சிரிப்பும் இல்லை.

“கன்றை முதலில் சுட்டது சரி. தாய் நின்றதா?”

“நின்றது.”

“அப்படியானால் அதையும் எடுத்திருக்க வேண்டும். முதலில் கன்று, பிறகு தாய். பாடத்தில் இருக்கிறது.”

“தெரியும்,” என்றார் இவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வருடக்கணக்காக ஒரு மரைப் பெட்டைக்காக என்னை இத்தனை பாடுபடுத்தி, நான் விரதத்தோடு முள்ளுக்குள் புரண்டு, ஒன்றைக் கொண்டுபோய் நேரே முன்னால் நிறுத்தியும் விட்டேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

“ஏன் சுடேல்லை?”

அவர் காரை எடுக்கவில்லை. கையை ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி இருந்தார்.

“அது ஓடேல்லையப்பா. கன்று விழுந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. மூக்கால தள்ளித் தள்ளிப் பாத்தது, எழும்பு எண்டு. நான் துவக்கைக் கீழ வைச்சிட்டன். அப்பவும் போகேல்லை. பக்கத்துப் பரணில இருக்கிறவன் சுட்டுப்போடுவான் எண்டு, நான்தான் கையைத் தட்டிக் கலைச்சுவிட்டனான்.”

பரணில் இருந்து கை தட்டி மரையைக் கலைத்த வேட்டைக்காரர் ஜேர்மனியில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஏசுவதற்கு எனக்கு வாய் உன்னியது. அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “இருட்ட முதல் காரை எடுங்கோ,” என்று மட்டும் ஏசினேன்.

வழியில் வன அலுவலகத்தடியில் கன்றுக்குக் காசு கட்ட இறங்கியபோது வன அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டேன். வேட்டைக்கு வராத ஆட்களுக்கும் இப்படி விற்பீர்களா? “ஏன், யாருக்கும் விற்போமே,” என்றார். “தொலைபேசியில் சொல்லி வைத்தால் முழுப் பெண் மானையே எடுத்து வைப்போம். அதற்கு அனுமதிப்பத்திரம் எதற்கு?” நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தோலோடு வாங்கினால் தோலை உரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் உடுப்புத் தோய்ப்பதில்லை என்பதால், நிலவறையில் சலவை இயந்திரங்கள் இருக்கிற பொது அறையில் இவர் கன்றைக் கொழுவித் தொங்கவிட்டார். விரதகாரி தொடக்கூடாது என்று நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, அப்படி வெட்டுங்கோ, இப்படி இழுங்கோ என்று சொன்னேன். இவர் பாதி உரித்திருக்கையில் கீழ் வீட்டு அம்மா கொடியில் மறந்துபோன மேசைச் சீலையை எடுக்க வந்தார். அவருடைய சத்தத்துக்கு முன்னால் காட்டில் நான் போட்ட சத்தம் ஒன்றுமில்லை. மறு கிழமை, சலவை அறை கால்நடை வெட்டுவதற்கான இடம் அல்ல என்று வீட்டுக்காரரிடமிருந்து கண்டிப்பு வந்தது.

விரதம் முடித்துப் பாறணை செய்த மறுநாள் கறி வைத்தேன். இவர் தொடமாட்டார், அந்தத் தாய் நினைவுக்கு வரும் என்று எண்ணி, பக்கத்தில் ஒரு முட்டைப் பொரியலும் போட்டு வைத்தேன். ஆறுதல் வார்த்தைகூட இரண்டு யோசித்து வைத்திருந்தேன். மனிதர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, முட்டைப் பொரியலையும் முடித்தார். “கன்றெண்டபடியால் நல்ல மெதுமை,” என்றார். என் ஆறுதல் எனக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த வருடம் இவர் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கவில்லை. துவக்கையும் பெட்டியையும் விற்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை; கேட்டால் வேறு ஏதாவது தொடங்கிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. வன அதிகாரிக்குச் சொல்லி வைத்து, துண்டு போட்ட பெண் மரை இறைச்சியை வாங்கினோம். சூப்பர் மார்க்கெட்டை விட எவ்வளவோ மலிவு. பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இறைச்சிக்குச் சொல்ல எடுத்தபோது, கலைக்க ஆள் போதாது, இரண்டு பேரும் வருவீர்களா என்று வன அதிகாரி கேட்டார். நான் வாய் திறக்க முதல் பக்கத்தில் நின்ற இவர், வாறம் என்று சொல்லச் சொன்னார்.

ஆகவே அந்த வருடமும் நான் செம்மஞ்சள் அங்கியோடு முள்ளுக்குள் நின்றேன். நல்லகாலம், சஷ்டி முடிந்திருந்தது. இவர் எனக்குப் பக்கத்து வரிசையில் வந்தார். மிருகத்தைக் கிளப்ப வேண்டிய மனிதர், கோயில் வீதியில் நடப்பதுபோல் சத்தமில்லாமல் அடி எடுத்து வைத்தார். ஒரு பைன் கூட்டத்துக்கு முன்னால் குனிந்து பார்த்தார். உள்ளே ஏதோ படுத்திருந்திருக்க வேண்டும். இவர் மெல்லச் சுற்றிக்கொண்டு அப்பால் போனார்.

“கத்துங்கோவனப்பா!” என்றேன்.

அவர் விரலை உதட்டில் வைத்து, பேசாமல் வா என்று காட்டினார். தபால்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே கத்திக்கொண்டு நடந்தேன்.